வேலைக்காரப் பெண் கத்துவதற்கான விண்ணப்பம்

‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்று தொடங்கி ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடிந்த அந்தக் கடிதத்தின் நடுவே இருந்த செய்தி இவ்வளவுதான்: என் கதையில் வரும் வேலைக்காரப் பெண் வாயைத் திறக்கக் கூடாது.

அத்தியாயம் நாற்பத்திரண்டு, பத்தி பதினொன்றில் அவள், நம்மூர் ‘அடச்சே’ மாதிரி, ஆங்கிலத்தில் “ப்ளைமி!” என்று கத்துகிறாள். கதை நடப்பது 1882இல். அந்தச் சொல் முதன்முதலாக அச்சில் கண்ணில் படுவது அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான். ‘ஆகவே பாத்திரம் தன் எரிச்சலை ஏழு ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கலாம், அல்லது படிவம் ஒன்பதில் மாற்றுச் சொல்லுக்கு விண்ணப்பிக்கலாம்’ என்று எழுதி, கீழே இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையும் வைத்திருந்தார்கள்.

எரிச்சலை ஒத்திவைக்க எனக்கும் தெரியும். சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன். ஃப்ரிட்ஜ் கம்பெனியில் ஒன்பது வருடமாகப் புகார் போன் எடுக்கும் வேலை. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர் என்னைத் திட்டுவார்கள். ஐஸ் கட்டவில்லை என்றால் நான்தான் காரணம், அதிகமாகக் கட்டினாலும் நான்தான் காரணம். அத்தனைக்கும் நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “உங்கள் பொறுமைக்கு நன்றி.” அங்கே பொறுமையாக இருந்தது யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதை எழுதுவேன். முழுக்க என் சொந்தக் கதை அல்ல. பதினான்கு பாகம் கொண்ட பழைய ஆங்கிலத் தொடர்கதை ஒன்று, மொழிபெயர்ப்பில் வந்து வீட்டுக்கு வீடு படித்தது. ஒரு மாளிகை, ஒரு துரை, மாதம் ஒரு திருட்டு. துரை புகைக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே திருடனைக் கண்டுபிடிப்பார். பதினான்காம் பாகத்தோடு கதை முடிந்துவிட்டது. முடிந்ததை ஒப்புக்கொள்ள மனமில்லாத என்னைப் போன்றவர்கள் ஆளுக்கொரு பக்கமாக அதைத் தொடர்ந்து எழுதுகிறோம். அதையெல்லாம் வெளியிடுவதற்கு இணையத்தில் ஒரு தளம் உண்டு. அதை நடத்துவது மாளிகை வாசகர் பேரவை. கடிதம் போட்ட புண்ணியவான்கள் அவர்கள்தான்.

அந்தப் பதினான்கு பாகத்திலும் ஒரு வேலைக்காரப் பெண் வருகிறாள். தேநீர்த் தட்டோடு வருவாள், வைப்பாள், போவாள். நான் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்: அறுபத்து மூன்று முறை. ஒரு தடவைகூட ஒரு வார்த்தை பேசியதில்லை. நாய்க்குப் பெயர் வைத்த ஆசிரியருக்கு அவளுக்கு வைக்கத் தோன்றவில்லை. என் கதை அவளைப் பற்றியது.

ஏன் அவளைப் பற்றி என்றால், என் அக்கா. அக்கா பெரிய ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அதே ஹோட்டல், அதே மூன்றாவது மாடி. படுக்கை விரிப்பை மாற்றுவது, குளியலறை கழுவுவது, துண்டு அடுக்குவது, அறைக்கு அறை ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி வைப்பது. ஆறு வருடத்துக்கு முன்னால் 307ஆம் அறைக்காரர் தன் மோதிரத்தைக் காணோம் என்று கூச்சல் போட்டார். மேனேஜர் அக்காவைக் கீழே வரவேற்புக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வந்தவர் போனவர் அத்தனை பேர் முன்னாலும் அவள் கைப்பையைக் கவிழ்த்தார். சீப்பு, தலைவலித் தைலம், பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட். செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள். கால்மணி நேரம் கழித்து மோதிரம் அறைக்காரரின் சவரப் பைக்குள்ளேயே கிடைத்தது. மேனேஜர் சொன்னார்: “சரி சரி, விடு. 307க்குத் துண்டு குடுத்துட்டு வா.”

அக்கா துண்டு கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அவளோடு வேலை பார்க்கிறவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு எழுத ஆரம்பித்ததுதான் இந்தக் கதை. நாற்பத்தோரு அத்தியாயம் வேலைக்காரப் பெண் தட்டு தூக்கினாள். நாற்பத்திரண்டில் துரை தன் தங்கக் கடிகாரத்தைக் காணோம் என்கிறார். எல்லோர் முன்னாலும் அவள் பெட்டியைக் கவிழ்க்கச் சொல்கிறார். கடிகாரம் அவர் அங்கிப் பையிலேயே இருக்கிறது. “சரி சரி, தேநீர் கொண்டு வா” என்கிறார். அந்த இடத்தில் அவள் வாயைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு சொல் போதும்.

அக்காவும் அந்த ஹோட்டலில் துணி மடிக்கும் அறைப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் இதைப் படிக்கிறார்கள். ஆறு வருடமாக அக்கா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அவ எப்பத்தான்டி வாயத் தொறப்பா?”

பேரவைக்கு ஒரு விதி இருக்கிறது. பாத்திரங்கள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம்; ஆனால் திடுக்கிட்டாலோ, வலித்தாலோ, எரிச்சல் வந்தாலோ, தாய்மொழியில்தான் கத்த வேண்டும். அந்தச் சொல் அந்தக் காலத்தில், அந்த நாட்டில், அந்தத் தரத்து மனிதர் கத்தியதாக எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். இதைப் பார்ப்பதற்கென்றே கத்தல் உட்குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்னொரு விதி: ஆறு வருடத்தில் முடிக்காத கதை தளத்திலிருந்து நீக்கப்படும். என் கதைக்கு ஆறு வருடம் அந்த மாதம் முப்பதாம் தேதி நிறைகிறது. நாற்பத்தோரு அத்தியாயமும் போய்விடும்.

படிவம் ஒன்பதை எடுத்தேன். எரிச்சலின் அளவு, ஒன்று முதல் பத்துக்குள் என்று முதல் கேள்வி. எரிச்சலை உண்டாக்கியவரின் சமூக நிலை. கத்தும்போது சன்னல் திறந்திருந்ததா. கத்தும்போது கையில் இருந்த பொருளின் எடை, பாத்திரங்கள் உட்பட. பத்து, துரை, சாத்தியிருந்தது, மூன்று கிலோ என்று நிரப்பினேன். மாற்றுச் சொல்லாக “லாவ்க்ஸ்!” என்று எழுதினேன்; ‘ஆண்டவனே’ என்பதன் ஆங்கிலக் கொச்சை. இரண்டு வாரம் அகராதிகளைக் கிளறிப் பிடித்த சொல் அது. அந்தக் காலத்துக்கும் முந்தியது. பழைய கதைகளில் வேலைக்காரிகள் அதைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பதில் வந்தது. ‘மேற்படி சொல்லை வேலைக்காரர்கள் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. வேலைக்காரர்கள் சொன்னதாகக் கனவான்கள் எழுதியதற்கே ஆதாரம் உள்ளது. எழுதிய கை யாருடையதோ சொல் அவருடையது. ஆகவே லாவ்க்ஸ் என்பது துரைமார் சொல் என உட்குழு முடிவு செய்து, அதைத் துரைமார் பட்டியலில் து/17 எனச் சேர்த்துள்ளது. இச்சொல்லைக் கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு நன்றி.’

அதாவது நான் தேடிக் கண்டுபிடித்த சொல்லையும் பிடுங்கித் துரையிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனை எடுத்தேன். கூப்பிட எண் கிடையாது. நேரில் விசாரணை வேண்டும் என்றால் படிவம் பதினான்கு. அதையும் நிரப்பி அனுப்பினேன். இருபத்தைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

பேரவை அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசை நடுங்கும். நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. துரைமார் என்று நாற்பது இழுப்பறை. சீமாட்டிகள் பன்னிரண்டு. பாதிரிமார் ஆறு. கப்பல் தலைவர்கள் நான்கு. குதிரைக்காரர்கள் ஒன்று, அதிலும் பாதி. கடைசி மூலையில் தரையோடு தரையாக வேலைக்காரர் என்று ஒன்று.

மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். உட்குழுத் தலைவர் எடைக்கல் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர்; வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்து சேர்ந்தவர். செயலாளர் ஒரு பல் டாக்டர்.

“மத்தவங்க கேக்கலாம், பல் டாக்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு,” என்றார் செயலாளர், நான் கேட்காமலே. “இருபது வருஷமா மனுஷங்க கத்துறத பக்கத்துல இருந்து கேக்கறவன் நான். அனுபவம் வேணும் இல்லையா?”

“என்ன கத்துவாங்க சார்?”

அவர் யோசித்தார். “ஆன்னு.”

“எல்லாருமா?”

“வாய் தொறந்திருக்கும்போது வேற என்னம்மா வரும்?” என்று கோபித்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

தலைவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தட்டை எடுத்தார். தன் பழைய வேலையிலிருந்து கொண்டுவந்த பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாக அதில் அடுக்கினார். இரண்டு கிலோ, ஐநூறு கிராம், இன்னொரு ஐநூறு. தட்டை என் கையில் கொடுத்தார்.

“விண்ணப்பத்துல மூணு கிலோன்னு எழுதியிருக்கீங்க. பாத்திரத்தோட நிலையில நின்னு பேசினாத்தான் விசாரணை நேர்மையா இருக்கும்.”

“விசாரணை முடியுற வரைக்கும் தூக்கிட்டே நிக்கணுமா?”

“அந்தப் பொண்ணு உக்காந்துதா?”

அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டோடு நின்றேன். சிரிக்காதீர்கள். அந்த அறையில் அந்த வார்த்தை நியாயமாகத்தான் காதில் விழுந்தது. முறை தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் முன்னால் நமக்கு முதலில் போவது புத்திதான், கைவலி அப்புறம்தான் வரும்.

“நான் கேக்கறது ஒரு வார்த்தை சார்,” என்றேன். “அவ பெட்டியக் கொட்டிட்டாங்க. எல்லாரும் பாக்கறாங்க. அவ திருடலன்னு ஆயிடுச்சு. ஆனா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அவ ஏதாவது சொல்லுவாளா மாட்டாளா?”

தலைவர் தொண்டையைச் செருமினார். பேச்சு ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தது.

“பாருங்கம்மா. உணர்ச்சிய நாங்க மறுக்கல. உட்குழு உணர்ச்சிக்கு எதிரி கெடையாது. ஆனா உணர்ச்சின்னா என்ன? எழுத்துல இருக்கணும். எழுத்துல இல்லாத உணர்ச்சி யாருக்கு வந்ததுன்னு எப்படிச் சொல்றது? துரைக்கு எரிச்சல் வந்துச்சு, டைரி எழுதினாரு. சீமாட்டிக்கு வந்துச்சு, கடுதாசி எழுதினாங்க. பாதிரியாருக்கு வந்துச்சு, அடக்கிக்கிட்டாரு, அடக்கிக்கிட்டதா எழுதியும் வச்சாரு. வேலைக்காரிக்கு வந்துச்சா? எங்க எழுதினா? காட்டுங்க. காட்டினா இந்த நிமிஷமே முத்திரை போட்டுத் தரேன்.”

“எழுத அவளுக்கு நேரம் எங்க இருந்துது சார்? எழுதத் தெரிஞ்சுதா?”

“அது கல்வி உட்குழு. நாங்க கத்தல்,” என்றார்.

“அந்த வேலைக்காரர் இழுப்பறையைத் திறந்தாவது பாருங்களேன்.”

செயலாளர் எழுந்து போய்க் குனிந்து திறந்தார். உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. ஸ்பூன் ஒன்று. “காலியாத்தானே கெடக்குன்னு நான் வச்சுக்கறேன்,” என்றார். வெட்கமெல்லாம் இல்லை, தகவலாகத்தான் சொன்னார்.

பக்கத்தில் திறந்திருந்த இழுப்பறைகளை எட்டிப் பார்த்தேன். ஒரு சுவர் முழுக்கத் துரைமாரின் எரிச்சல். தேதி போட்டு, பக்கம் போட்டு, அட்டை அட்டையாக. சூப்பு ஆறிப்போனதற்கு ஒரு அட்டை. நரிவேட்டை தவறியதற்கு ஒரு அட்டை. பூட்ஸ் இறுக்கமாக இருந்ததற்கு எட்டு அட்டை. அந்தச் சூப்பைச் சூடாக்கியவள், அந்தப் பூட்ஸைத் துடைத்தவள், ஒருத்தியின் மூச்சுச் சத்தம்கூட இந்த அறையில் கிடையாது. தட்டில் எடைக்கற்கள் கிணுகிணுக்க ஆரம்பித்தன. எடையாலா கோபத்தாலா என்று படிவத்தில் கேட்டிருந்தால் என்னால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அந்த நேரம் கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடியது. மேசை நடுங்கியது. தலைவர் ஏதோ அட்டையைக் காட்ட என் பக்கம் எழுந்து வந்தார். தட்டு சாய்ந்தது. இரண்டு கிலோ எடைக்கல் நழுவி நேராக அவர் கால் பெருவிரலில் விழுந்தது.

“அய்யோ அம்மா!” என்று அலறினார் தலைவர். “ஐயய்யோ! செத்தேன்! அம்மா!” ஒற்றைக் காலில் அறையைச் சுற்றி வந்தார்.

செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: “தலைவர் ஒரு கணம் மௌனம் காத்தார்.”

“மௌனமா?” என்றேன். “ஜெராக்ஸ் கடைக்காரர் மேல ஓடி வர்றாரு பாருங்க. அவருக்கே கேட்டிருக்கு.”

“உட்குழுத் தலைவர் கத்துனதா குறிப்புல வரக்கூடாது. பதவிக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அப்ப கத்துனது?”

“குறிப்புல இல்லாதது நடக்கல,” என்றார் தலைவர், விரலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு. “இதத்தானேம்மா ஒரு மணி நேரமா சொல்லிட்டிருக்கேன்?”

அப்போது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. ஒன்பது வருடம் தினம் தொண்ணூறு பேரிடம் கேட்டு உள்ளே சேர்ந்து கிடந்த வார்த்தைகளில் ஆகக் கெட்டது. தட்டை மேசை மேல் போட்ட சத்தத்துக்கும் மேலே அது கேட்டது. வாசலில் நின்ற ஜெராக்ஸ் கடைக்காரர் திரும்பிப் படி இறங்கிப் போய்விட்டார். நான் செயலாளரின் நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘விண்ணப்பதாரர் இருமினார்’ என்று எழுதியிருந்தது.

பிறகு தீர்மானம் நிறைவேறியது. இரண்டே பேர் என்பதால் எதிர்ப்பு இல்லை. மேற்படி வேலைக்காரப் பெண் கத்தியதற்கு ஆதாரம் இல்லாமையால், அவள் மௌனமே காலத்துக்குப் பொருத்தமானது. அந்த மௌனத்துக்குச் சான்று எண் வே/1.

“உங்களுக்குச் சந்தோஷமான விஷயம்,” என்றார் தலைவர். வலி குறைந்ததும் நல்லவராகிவிட்டார். “வேலைக்காரர் பிரிவுல முதல் அட்டை உங்களாலதான் வருது. இவ்வளவு வருஷமா அந்தப் பிரிவே காலி.”

செயலாளர் இழுப்பறையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் துரைமார் மேல் வைத்தார். ஒரு அட்டையில் வே/1 என்று எழுதி முத்திரை குத்தி உள்ளே போட்டார். அட்டையில் வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

கிளம்பும்போது தலைவர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். “துரைமார் பட்டியல். உங்க கதையில துரை வர்றாரே, அவர எத்தன தடவ வேணும்னாலும் கத்த விடுங்க. ஆதாரமெல்லாம் பக்காவா இருக்கு. இதுல தடையே கெடையாது.” து/1 முதல் து/17 வரை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் அவளுக்கு எப்போதோ போய்விட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். எடைக்கல் விழுந்ததைச் சொன்னபோது சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அஞ்சு நாள்ல எல்லாத்தையும் அழிச்சிருவாங்களா?”

“ஆமா. விடுக்கா. உனக்கு மட்டும் நான் நோட்டுல எழுதித் தரேன். அவ என்ன வேணாலும் கத்தட்டும். எவன் கேக்கப் போறான்?”

“எனக்கு மட்டும் எதுக்குடி?” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “எல்லாரும் பாக்கத்தானே என் பையக் கொட்டுனாங்க? எல்லாரும் படிக்கிற எடத்துல நடக்கணும். இல்லன்னா வேண்டாம்.”

ஆறு வருடத்தில் அதைப் பற்றி அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அவள் பக்கத்தில் போய் நின்று கேட்டேன்: “அன்னிக்கு நீ என்னக்கா பண்ண? துண்டு குடுத்துட்டு வந்து?”

“துணி மடிக்கிற ரூமுக்குப் போனேன். கதவச் சாத்தினேன். துண்டு அடுக்கு இருக்கும்ல, அதுல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டேன். அங்க கத்தினா வெளிய கேக்காது.”

“என்ன கத்துன?”

“அது எனக்கும் அந்தத் துண்டுக்கும்,” என்றாள்.

தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே அந்தத் தீர்மானத் தாளை எடுத்து மெதுவாகப் படித்தாள். துரைமார் பட்டியலையும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, வேலை விஷயம் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“அவ தட்டுல என்னடி இருக்கு?”

“தேநீர்.”

“சூடாவா?”

“சூடாத்தான் இருக்கும். கெண்டி நெறைய.”

“ஃப்ளாஸ்க் வெந்நீர் மாதிரி சூடா?”

“அதவிடச் சூடா இருக்கும். இப்பத்தான் அடுப்புலேருந்து வருது.”

“துரை எங்க உக்காந்திருக்காரு?”

அக்கா தாளை என் முன்னால் வைத்தாள்.

“அவ வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான போட்டிருக்கு?” என்றாள். “கையப் பத்தி ஒண்ணும் போடலியே.”

அத்தியாயம் நாற்பத்திரண்டை அன்றைக்கே மாற்றி எழுதி முடித்தேன். “சரி சரி, தேநீர் கொண்டு வா” என்கிறார் துரை. அவள் கொண்டு வருகிறாள், அந்த அறுபத்து மூன்று முறை கொண்டு வந்த மாதிரியே. வீட்டு விருந்தாளிகள், சீமாட்டி, பாதிரியார், அவள் பெட்டி கவிழ்வதைப் பார்த்த அத்தனை பேரும் அதே கூடத்தில் இருக்கிறார்கள். அவள் கோப்பையை வைக்கிறாள். கெண்டியைத் தூக்குகிறாள். அவசரமே இல்லாமல், ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், முழுக் கெண்டியையும் துரையின் மடியில் ஊற்றுகிறாள்.

“கிரேட் ஸ்காட்!” (து/4) என்று எழுந்தார் துரை. “பை ஜோவ்!” (து/1) என்று மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடமும் நனைந்திருந்ததால் “கன்ஃபௌண்ட் இட்!” (து/6) என்று மேசைமேல் ஏறினார். “குட் ஹெவன்ஸ்!” (து/2), “டாஷ் இட்!” (து/9), “பை ஜார்ஜ்!” (து/3), “ஹேங் இட் ஆல்!” (து/11) என்று கூடத்தைச் சுற்றி ஓடினார். பட்டியலில் ஒன்றையும் நான் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சான்று எண், ஆதார நூல், பக்கம். பதினாறும் முடிந்து, மூச்சு வாங்கி, நாய்ப் படுக்கையில் விழுந்து, பிரபு வம்சத்தில் பிறந்த அந்தத் துரை வேலைக்காரிகளின் குரலில் கடைசியாகக் கத்தினார்: “லாவ்க்ஸ்!” (து/17).

வேலைக்காரப் பெண் ஒன்றும் சொல்லவில்லை (வே/1). காலிக் கெண்டியைத் தட்டில் வைத்தாள். கவிழ்ந்து கிடந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினாள். முன்வாசல் வழியாக வெளியே போனாள். கதை முடிந்தது.

இருபத்தொன்பதாம் தேதி பதில் வந்தது. திருத்தம் ஒன்றுமில்லை. ‘சான்றளிக்கப்பட்ட பதினேழு கத்தல்களையும் ஒரே காட்சியில் பிழையின்றிக் கையாண்டமை பாராட்டுக்குரியது. குறிப்பாக, வேலைக்காரப் பெண் இறுதிவரை அடக்கத்துடன் மௌனமாக இருந்தது காலச்சூழலுக்கு மிகப் பொருத்தம். இதனை மாதிரி அத்தியாயமாகத் தளத்தின் முகப்பில் வெளியிடுகிறோம்.’ கீழே இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. தலைவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இப்படித்தான் இருக்க வேண்டும் ஒரு வேலைக்காரி.’

மறுநாள் மத்தியானம் துணி மடிக்கும் அறையில் அக்கா அதைப் படித்திருக்கிறாள். மனதுக்குள் அல்ல. மடித்த துண்டு அடுக்கின்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, சத்தமாக, துரை மாதிரியே கத்தி, ஒவ்வொரு கத்தலுக்கும் எண்ணையும் சேர்த்து. கதவைச் சாத்தவில்லை. ஏழெட்டுப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில், அன்றைக்கு மடித்து வைத்த விரிப்பெல்லாம் திரும்ப மடிக்க வேண்டியதாகிவிட்டதாம்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்து வாசலில் நின்றிருக்கிறார். அதே மேனேஜர்தான்.

“என்ன இங்க கத்தல்?”

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் எழுந்தாள். 307க்கு வெந்நீர் கொண்டுபோகும் நேரம். பெரிய ஃப்ளாஸ்க்கை எடுத்து மூடியைத் திறந்து, ஆவி வருகிறதா என்று பார்த்தாள். மூடியைத் திரும்பப் போடவில்லை. அதைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றாள்.

“துரை கத்துறாரு சார்,” என்றாளாம். “நாங்க யாரும் ஒண்ணும் சொல்லல.”

மேனேஜர் ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரோடு ஒட்டி நின்று, அவள் போக வழி விட்டார்.